நான்கெல்லை

ஒரே ஒரு மசால்வடை கேட்டால்
கிருமாம்பாக்கம் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.
"எலிக்கா?" என்பார்.
நேற்றைய வடையாகப் பார்த்து எடுப்பார்.
விலை மட்டும் இன்றைய விலை.

போன மாதம் ஒன்றை முக்கினேன்.
மாடிவீட்டு மதலேன் அக்கா சொன்ன பக்குவம்:
பக்கெட்டில் விளிம்புவரை தண்ணீர்,
பொறியோடு இறக்கு,
போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வா.
காபி போட்டேன். குடிக்கவில்லை.
குமிழி நின்ற பிறகும்
கம்பியைப் பிடித்தபடியே இருந்தன கைகள்.
கால்கள் என்றுதான் சொல்லப் பார்க்கிறேன்.
அந்தத் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்ற மனசில்லை.
அந்தப் பச்சை பக்கெட்டில்
இன்றுவரை குளிக்கவில்லை.

இன்று விடிகாலை மறுபடி "டப்".
போர்வைக்குள்ளிருந்து வீட்டுக்காரர்,
"விழுந்துடுச்சா? நீயே பாத்துக்க" என்றார்.

இது சுண்டெலி.
இரவெல்லாம் முட்டியிருக்கிறது, மூக்கில் ரத்தம்.
துணிக்கடைப் பையில் பொறியைப் போட்டு
ஸ்கூட்டி கொக்கியில் மாட்டினேன்.
பெண்ணையாறு தாண்டி விட்டால் திரும்பாதாம்.
அதற்கு முன்னாலேயே,
பெரியகாட்டுப்பாளையத்தில்
மல்லாட்டைக் கொல்லை ஒன்று பச்சையாய்த் தெரிந்தது.
நிறுத்தினேன்.
செடிகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் நிமிர்ந்தார்.
"பாண்டிச்சேரி எலிய
எங்க மல்லாட்டைக்கா கொண்டாந்து வுடுற?
நல்லாருக்கும்மா நாயம்."
நியாயம்தான்.

பாலம் இறங்கினால் ஆல்பேட்டை செக்போஸ்ட்.
புதுச்சேரி நம்பர் வண்டி, தொங்கும் பை.
கை காட்டாமல் இருப்பார்களா.
"உள்ள என்ன?"
"எலி."
"எத்தினி பாட்டில்னு கேட்டா எலின்றீங்க?"
பிரித்தார். அது அவரைப் பார்த்தது.
ஏனோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
"உயிரோடவா?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"இங்க மட்டும் வுட்டுடாதீங்க மேடம்.
புடிச்சு வச்ச சரக்குப் பொட்டி பூரா
ஏற்கெனவே கடிச்சு வச்சிருக்கு."

அப்படியே மஞ்சக்குப்பம் வந்துவிட்டது,
பத்திர எழுத்தர் கோதண்டபாணி ஆபீஸ்.
மேஜைக்கு அடியில் பொறி.
மேலே நான் அடித்துக்கொண்டிருந்த கிரயப் பத்திரம்:
வாய்க்காலுக்குத் தெற்கு
தனகோடி மனைக்கு வடக்கு
பொதுப் பாதைக்கு மேற்கு
விற்பவர் மீதி மனைக்குக் கிழக்கு
இதன் மத்தியில் உள்ள காலிமனை.

குனிந்து பார்த்தேன்.
கம்பிக்குத் தெற்கு
கம்பிக்கு வடக்கு
என் செருப்புக்கு மேற்கு
தொடாத வடைக்குக் கிழக்கு.
யாதொரு வில்லங்கமும் இல்லை.

மதியம் எலுமிச்சைச் சோற்றிலிருந்து
நாலு பருக்கை, ஒரு வேர்க்கடலை போட்டேன்.
கடலையை மட்டும் இரண்டு கையால் பிடித்துத் தின்றது.
"என்னம்மா வேதவல்லி, கீச்கீச்னு சத்தம்?"
"ஃபேன் சார்."
அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.

சாயங்காலம், பாலத்துக்கு இந்தப் பக்கமே,
சரிவில் இறங்கிக் கோரை ஓரம் கதவைத் தூக்கினேன்.
வரவில்லை.
தட்டினேன். சாய்த்தேன்.
மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது,
வெளியே இன்னும் பெரிய பொறி இருப்பதுபோல.
பார்த்தால் போகாது என்று
ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
தண்ணீர் இல்லை. மணல், ஒரு டயர்,
தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள்.
திரும்பியபோது வடை மட்டும் இருந்தது.

போகும் திசையில் யாரும் பையைப் பார்ப்பதில்லை.

கடையில் நின்றேன்.
"எலிக்கா?"
"இல்ல. சூடா ஒன்னு."
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
நின்றுகொண்டே தின்றேன்.

பொறியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை.
மாடியில் "டப்".
அது வேறு எலிதான்.
நடுவில் ஓர் ஆறு இருக்கிறதே.
குழாய் திறக்கும் சத்தம்.
வெறும் பக்கெட்டில் விழும்போது ஒரு மாதிரி,
நிரம்ப நிரம்ப வேறு மாதிரி.
நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
பிறகு, காபி வாசனை.